ஏடும் இதழும் தாளும்: காவிரிப் படுகையின் நூற்கலையில் இயற்கையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

நூல் அழகுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பேசும்போது ஓரங்களில் வரையப்படும் பூவும் கொடியுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. காவிரிப் படுகையின் ஓலைச்சுவடி மரபில் இவ்வுறவு வேறு வகையில் அமைந்தது. அங்கு இயற்கை, நூலுக்குப் புறத்தே இருந்து வந்த அணி அன்று. நூலின் உடலே அது. இவ்வுறவு ஓலையிலிருந்து தாளுக்கு நூல் மாறிய காலத்தில் எவ்வாறு மாற்றம் கண்டது என்பதைத் திருவையாறு, தஞ்சாவூர் வட்டாரச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சுவடியைப் பாடமாக மட்டும் கொள்ளாமல் கைவினைப் பொருளாகவும் பதிவு செய்ய வேண்டியதன் தேவையையும் இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, ஏடு, நூற்கலை, திருவையாறு, இரண்டாம் சரபோஜி, சரசுவதி மகால், சுவடியியல்

முன்னுரை

மேலை நாட்டு நூற்கலை வரலாற்றில் இயற்கை சார்ந்த அணிவேலைப்பாட்டுக்கு வில்லியம் மோரிஸ் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறார். அவர் 1891ஆம் ஆண்டு தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம் 53 நூல்களை வெளியிட்டது. 1896இல் வெளிவந்த சாசரின் படைப்புத் தொகுதி அவற்றுள் புகழ்பெற்றது. அதன் பக்கங்களைக் கொடிகளும் இலைகளும் சூழ்ந்திருக்கின்றன. பொறிகளால் பெருந்தொகையில் உருவாக்கப்பட்ட நூல்கள் அழகிழந்துவிட்டன என்ற வருத்தமே மோரிஸின் முயற்சிக்குத் தூண்டுதல். கையால் செய்த தாளையே அவர் விரும்பிப் பயன்படுத்தினார். இயற்கையை விட்டு விலகிப்போன நூலுக்குள் இயற்கையை மீண்டும் கொண்டுவர அவர் முயன்றார் எனலாம்.

இந்த அளவுகோலை அப்படியே எடுத்துவந்து தமிழ் ஓலைச்சுவடியின்மேல் வைத்தால், சுவடி அணியற்றதாகவும் எளியதாகவும் தோன்றும். பெரும்பாலான தமிழ்ச் சுவடிகளில் பூவேலைப்பாடு இல்லை, வண்ணமும் இல்லை. ஆயினும் அளவுகோலைச் சற்று மாற்றி, நூல் எதனால் ஆனது, எவ்வாறு உருப்பெற்றது, அதன் உறுப்புகளுக்கு என்ன பெயர் என்று வினவினால் விடை வேறாகிறது. அவ்வினாக்களை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

புல்லின் உறுப்பும் நூலின் உறுப்பும்

தமிழில் நூலைக் குறிக்கும் சொற்களுள் பல, தாவர உறுப்புகளின் பெயர்கள். ஓலை, ஏடு, மடல், இதழ், தாள் ஆகியவற்றை நாம் இன்றும் எழுத்துத் துறையில் வழங்குகிறோம். கடிதம் மடலாயிற்று, பருவ வெளியீடு இதழாயிற்று, சிறப்பு வெளியீடு மலராயிற்று.

இச்சொற்களின் வகைப்பாட்டைத் தொல்காப்பிய மரபியல் தெளிவாகக் காட்டுகிறது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அது பகுக்கிறது. பின்னர் ஒவ்வொரு வகைக்கும் உரிய உறுப்புப் பெயர்களைத் தொகுத்துரைக்கிறது. ஓலையும் ஏடும் மடலும் இதழும் அங்குப் புல்லின் உறுப்புகளாக வருகின்றன. இலையும் தளிரும் மரத்தின் உறுப்புகளாக வருகின்றன. இப்பகுப்பின்படி பனை மரம் அன்று, அது புல். இக்காலத் தாவரவியலும் பனையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும்பிரிவில் அடக்குகிறது.

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை இப்பகுப்பு தனிப்பொருள் பெறுகிறது. வயல் தரும் நெல்லும் வரப்பில் நிற்கும் பனையும் இலக்கண மரபில் ஓரினமாகின்றன. ஒன்றின் உறுப்புப் பெயராகிய ஏடு சுவடியின் பக்கத்திற்கு வந்தது. மற்றொன்றின் தண்டைக் குறிக்கும் தாள் என்னும் சொல், ஓலைக்குப் பின் வந்த புதிய எழுதுபொருளுக்கும் பெயராயிற்று. எழுதுபொருள் மாறிய பின்னரும் பெயரிடும் மரபு தாவரத்தை விட்டு விலகவில்லை. இலையைக் குறிக்கும் பத்திரம் என்னும் வடசொல் ஆவணத்துக்குப் பெயரானதும், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஐரோப்பியர் நூலின் தாளுக்குப் பெயர் பெற்றதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. எனினும், தமிழில் அச்சொற்கள் உருவகமாக நிற்பதற்கு முன் நேர்ப்பொருளிலேயே நின்றன. ஏடு என்றபோது கையில் இருந்தது பனையின் உறுப்பேதான்.

ஓலை ஏடாகும் முறை

சுவடி எழுதுவதற்குத் தாளப்பனை, கூந்தற்பனை, லாந்தர் பனை என மூவகைப் பனைகளின் ஓலைகள் பயன்பட்டன. நாட்டுப்பனையாகிய தாளப்பனையின் ஓலை தடிப்பும் உறுதியும் உடையது. கூந்தற்பனையின் ஓலை அகன்றது, மெல்லியது, வளைந்து கொடுப்பது. எந்தப் பனை அருகில் கிடைத்ததோ, எவ்வளவு நீளமான அடிகளை எழுத வேண்டியிருந்ததோ, அதற்கேற்ப ஓலை தேர்ந்தெடுக்கப்பட்டது.

முற்றிய ஓலையும் மிக இளைய ஓலையும் எழுத உதவா. இடைப்பருவத்து ஓலையை வெட்டி, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கிப் பதப்படுத்துவர். நீரில் ஊறவைத்தல், வெந்நீரில் வேகவைத்தல், சேற்றில் புதைத்தல் எனப் பதப்படுத்தும் முறை இடத்துக்கு இடம் வேறுபட்டது. உலர்ந்தபின் சங்கு அல்லது வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். எழுத்தாணியால் எழுத்து கீறப்பட்டபின், கரியோடு பச்சிலைச் சாறு குழைத்துத் தடவித் துடைப்பர். கீறல்களில் மட்டும் கருமை தங்கும். மஞ்சளும் ஊமத்தை, கோவை முதலியவற்றின் இலைச்சாறும் இவ்வகையில் பயன்பட்டன. பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பும் வேப்பிலையும் சுவடிகளுக்கிடையே வைக்கப்பட்டன.

இம்முறை முழுவதிலும் ஒரு பண்பு காணப்படுகிறது. எழுதுபொருள், மை, காப்புப்பொருள் ஆகிய மூன்றும் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்திலும் வரப்பிலும் கிடைப்பவை. எழுத்தாணி ஒன்றே கொல்லனிடமிருந்து வரவேண்டியது. தாவரங்களின் பருவமும் குணமும் அறியாத ஒருவர் நல்ல சுவடியை உருவாக்க இயலாது. ஏடு எழுதுவோரின் திறனில் கையெழுத்து ஒரு பகுதியே. தாவர அறிவு மற்றொரு பகுதி.

எழுத்தின் வடிவும் ஓலையின் நாரும்

ஓலையின் இயல்பு எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்ற கருத்து பரவலாகக் கூறப்படுகிறது. ஓலையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதே திசையில் ஆழமாகக் கோடு கீறினால் ஓலை பிளக்கும் என்பதால் எழுத்துகள் வளைவு பெற்றன என்பது ஒரு விளக்கம். புள்ளி வைத்தால் ஓலையில் துளை விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதினர் என்பது மற்றொன்று.

இவ்விரு விளக்கங்களையும் முழு உண்மையாகக் கொள்வதற்குத் தடைகள் உள்ளன. ட, ப, ம போன்ற எழுத்துகளில் கிடைக்கோடு அடிப்படை உறுப்பாகவே நிலைத்திருக்கிறது. ஓலையே எழுத்தை ஆண்டிருந்தால் இக்கோடுகள் மறைந்திருக்க வேண்டும். புள்ளி விடுபடுவதும் ஓலைக்கு மட்டும் உரியதன்று. கல்லில் புள்ளி வைப்பதால் துளை விழும் என்ற அச்சம் இல்லை. ஆயினும் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் விடுபட்டிருக்கிறது. ஆகவே ஓலையின் தன்மை எழுத்து வடிவத்துக்கு ஒரு காரணமேயன்றி ஒரே காரணம் அன்று. எழுதுவோரின் வழக்கமும் விரைவும் படிப்போரின் பயிற்சியும் அதனோடு சேர்ந்து இயங்கின.

புள்ளி விடுபட்டதன் விளைவு மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஏட்டில் புள்ளி மறைந்தபோது குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியோடு தொடர்புடைய வீரமாமுனிவர் (1680–1747), நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்து இக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவங்களுக்குப் பின்னே, ஏட்டெழுத்து தோற்றுவித்த ஒரு சிக்கல் இருக்கிறது.

அணியின் இடம்

இயற்கை சார்ந்த அணிவேலைப்பாட்டில் காவிரிப் படுகை பின்தங்கியிருக்கவில்லை. திருவையாற்று ஐயாறப்பர் கோயில் வளாகத்தில் முதலாம் இராசராசனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்த வடகைலாயமும், முதலாம் இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி எடுப்பித்த தென்கைலாயமும் உள்ளன. சோழர் கற்றளிகளில் தாமரை இதழ் வரிசையும் கொடிக்கருக்கும் கட்டட உறுப்புகளாகவே இடம்பெற்றன. பிற்காலத் தூண்களின் போதிகைகளில் வாழைப்பூவை ஒத்த மொட்டு தலைகீழாகத் தொங்கியது. ஆற்றங்கரைத் தோட்டத்தின் உருவங்கள் கல்லில் நிலைபெற்றன.

அதே நிலத்தில் ஏடு ஏன் அணியின்றி இருந்தது? ஒடிசாவில் ஓலையின்மேல் எழுத்தாணியாலேயே நுண்ணிய ஓவியங்கள் கீறப்பட்டன. எனவே, ஓலை ஓவியத்துக்கு இடம் தராது என்று கூற இயலாது. தமிழ்நாட்டில் ஏடு முதன்மையாக ஓதுவதற்கும் பாடம் கேட்பதற்கும் உரிய கருவியாக இருந்தது. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதினர்; எழுதியதைப் பின்னர் மனனம் செய்தனர். கண்டு களிப்பதற்குரிய பொருள் கோயிலில் இருந்தது. கேட்டுக் கற்பதற்குரிய பொருள் கையில் இருந்தது. இவ்வேறுபாடே ஏட்டின் எளிமைக்கு முதன்மைக் காரணம் என இக்கட்டுரை கருதுகிறது.

எனினும் ஏடு முற்றிலும் அழகற்றது அன்று. அதன் அழகு பொருத்தத்தில் இருந்தது. எல்லா ஏடுகளும் ஒரே அளவாக நறுக்கப்பட்டன. துளைகளைச் சுற்றி எழுத்தின்றி விடப்பட்ட வெற்றிடம் ஏடுதோறும் ஒரே இடத்தில் அமைந்தது. இருபுறமும் மரச்சட்டங்கள் வைத்து, ஒரு துளையில் நாராசம் என்னும் கம்பி அல்லது மூங்கிற் குச்சி செருகி, மற்றொன்றில் கயிறு கோத்துக் கட்டினர். கயிற்றின் முனை உருவிவிடாதபடி, ஈர்க்கோடு சேர்ந்த ஓலைத்துண்டு ஒன்றைக் கத்தரித்து அமைத்தனர். அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். பறவையின் அலகை ஒத்த அவ்வுறுப்பு அணிக்காக ஏற்பட்டதன்று. சுவடி அவிழாமல் காப்பதற்காக ஏற்பட்டது. பயனும் உருவும் ஒன்றான இடத்தில் பெயரை மட்டும் இயற்கை தந்தது.

அரண்மனையும் ஆற்றங்கரையும்

ஓலைக்கு மாற்றான தாளும் அச்சும் காவிரிப் படுகைக்குக் கடற்கரை வழியே வந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அவர்தம் குழுவினரும் தமிழ் அச்சகம் அமைத்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் ஏற்பட்டது. ஆயினும், சீகன்பால்கு தாமே தமிழ் ஏடுகளைத் திரட்டி 1708இல் அவற்றுக்குப் பட்டியல் எழுதியவர். புதிய நூல் வடிவத்தைக் கொண்டுவந்தோரும் கற்பதற்கு ஏட்டையே நாட வேண்டியிருந்தது.

இம்மாற்றம் அரண்மனைக்குள் முழுமையாக வெளிப்பட்டது இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832). நாயக்கர் காலத்திலிருந்து வளர்ந்துவந்த அரண்மனை நூலகத்தை அவர் பெரிதும் விரிவாக்கினார். அதுவே இன்றைய சரசுவதி மகால் நூலகம். ஓலைச்சுவடிகளோடு தாட்சுவடிகளும் ஐரோப்பிய அச்சு நூல்களும் அங்குச் சேர்ந்தன. அந்நூல்கள் பலவற்றில் சரபோஜியின் கையொப்பம் உள்ளது. அரண்மனையில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சகமும் இயங்கியது. யானை, குதிரை ஆகியவற்றின் இலக்கணம் கூறும் கசசாத்திரமும் அசுவசாத்திரமும் வண்ண ஓவியங்களுடன் உருவாயின. பறவை, விலங்கு முதலியவற்றை நேரிற் கண்டு வரைந்த ஓவியங்களும் தஞ்சையில் தீட்டப்பட்டன. தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அளிக்கப்பட்ட அத்தகைய தொகுப்பு பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

இங்கு ஒரு முதன்மையான மாற்றத்தைக் காணலாம். ஏட்டில் எழுதுபொருளாக இருந்த இயற்கை, தாளில் ஆராயப்படும் பொருளாயிற்று. வரையப்பட்ட பறவை நூலை அழகுபடுத்துவதற்காக அமர்ந்திருக்கவில்லை. இனம் கண்டறியப்படுவதற்காக அமர்ந்திருக்கிறது. இது மோரிஸின் கொடியோரத்தோடும் பொருந்துவதன்று, பனையேட்டோடும் பொருந்துவதன்று.

அக்காலத்துத் தஞ்சைப் பலகை ஓவியங்களிலோ பழைய உறவு நீடித்தது. பலாப்பலகையும் புளியங்கொட்டைப் பசையும் அவற்றுக்கு அடித்தளம். அவற்றின்மேல் ஒட்டப்படும் மெல்லிய தங்கத்தகட்டை ரேக்கு என்பர். இச்சொல்லோடு தொடர்புடைய தெலுங்குச் சொல் பூவிதழையும் உலோகத் தகட்டையும் ஒருங்கே குறிக்கும். தெலுங்கு பேசிய நாயக்கர் ஆண்ட நிலத்தில் பொன்னும் இதழின் பெயரைப் பெற்றது வியப்பன்று.

சரபோஜியின் அரண்மனையிலிருந்து சுமார் 13 கி.மீ. வடக்கே, அதே ஆண்டுகளில், திருவையாற்றில் தியாகராசர் (1767–1847) வாழ்ந்தார். அவருடைய கீர்த்தனைகள் அச்சகத்தை நாடிச் செல்லவில்லை. மாணாக்கர் கேட்டுப் பாடம் செய்தும், ஏட்டிலும் தாளிலும் எழுதியும் அவற்றைக் காத்தனர். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் மரபினர் காத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையைச் சேர்ந்து, பிற்காலப் பதிப்புகளுக்கும் ஆய்வுகளுக்கும் முதன்மைச் சான்றாயின. ஓலைக்காலம் முடிந்து அச்சுக்காலம் தொடங்கிற்று என்று ஒரே கோடு கிழித்துக் காட்டும் வரலாற்றுமுறைக்கு இது மறுப்பாக அமைகிறது. ஒரே வட்டாரத்தில் ஒரே காலத்தில் இரு நூலுலகங்கள் இயங்கின. கற்கும் முறை எங்கு மாறியதோ அங்கேதான் எழுதுபொருளும் விரைந்து மாறியது.

ஏட்டின் முடிவும் படியெடுத்தலும்

தாவரத்தால் ஆன நூல் தாவரத்தைப் போலவே அழியும். ஏடு காலப்போக்கில் நொறுங்கும், பூச்சியால் துளைபடும். தேவாரப் பதிகங்களுள் ஒரு பகுதி தில்லையில் செல்லரித்த நிலையிலேயே கிடைத்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி, இவ்வுண்மையைச் சமய வரலாற்றிலேயே பதித்துவிட்டது. ஆகவே மரபு நம்பியது ஏட்டின் ஆயுளை அன்று, படியெடுத்தலை. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதப்பட்டது. பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் வருத்தத்தோடு குறிப்பிட்டுள்ளார்.

அவ்வழக்கத்தை அறியாமை என்று மட்டும் கூறி ஒதுக்குவது எளிது. புதிய படி எழுதப்பட்டிருந்த வரையில் பழைய ஏட்டை நீரில் விடுவது இழப்பாகாது. ஓலை மண்ணுக்கும் நீருக்கும் திரும்புவது இயல்பான முடிவு. படியெடுக்கும் சங்கிலி அறுந்தபின்னும் அவ்வழக்கம் தொடர்ந்ததே இழப்பாயிற்று. ஆண்டுதோறும் வளரும் பனை எழுதுபொருளைத் தந்துகொண்டேயிருந்தது. எழுதும் கை இல்லாமற்போயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதிப்பாசிரியர்கள் பாடத்தை மீட்டனர். அவர்களுக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அச்சில் மீண்டது சொல் மட்டுமே. எந்தப் பனையின் ஓலை, எத்தனை துளை, எவ்வகைச் சட்டம், எந்த மையின் எச்சம் என்பன பதிப்பின் எல்லைக்கு வெளியே நின்றன. இன்று எண்முறைப் பதிவுகள் பெருகிவருகின்றன. 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும், 2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடிகள் இயக்கமும் சுவடிப் பாதுகாப்புக்கு வழிவகுத்துள்ளன. எனினும், ஏட்டின் எழுத்துப் பரப்பைத் தெளிவாகப் படம் எடுப்பதால் ஏட்டின் தடிப்போ நாரின் அமைப்போ கயிற்றின் முறுக்கோ பதிவாகிவிடாது. படம் எடுக்கப்பட்டுவிட்டது என்ற நிறைவில் பழைய கயிறும் உடைந்த சட்டமும் கழிக்கப்படுமானால், அவை தாங்கியிருந்த கைவினைச் சான்று திரும்பக் கிடைக்காது.

எனவே சுவடி அட்டவணையில் நூற்பெயர், ஆசிரியர், ஏட்டின் எண்ணிக்கை ஆகியவற்றோடு பின்வருவனவும் இடம்பெறுதல் வேண்டும்: ஓலையின் வகை, ஏட்டின் நீள அகலமும் தடிப்பும், துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், சட்டத்தின் மரம், அதன்மேல் உள்ள வேலைப்பாடு, கயிறு, நாராசம், கிளிமூக்கு ஆகியவற்றின் நிலை, மையின் எச்சமும் காப்புப்பொருளின் எச்சமும். இத்தகைய குறிப்புகள் ஒரு வட்டாரத்துச் சுவடிகளுக்கேனும் திரட்டப்பட்டால், எந்த ஊரில் எந்தப் பனை எழுத்துக்குப் பயன்பட்டது, எங்கிருந்து ஓலை வந்தது, எந்தக் கையால் பல நூல்கள் எழுதப்பட்டன என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண இயலும். மராத்தியர் கால அறக்கட்டளை மரபில் தோன்றிய அரசர் கல்லூரியைக் கொண்ட திருவையாறு, இப்பணியை மாணவர் ஆய்வாகத் தொடங்குவதற்கு ஏற்ற இடம்.

முடிவுரை

காவிரிப் படுகையின் நூற்கலையில் இயற்கை மூன்று நிலைகளில் விளங்கியது. ஓலைச்சுவடியில் அது நூலின் பொருளாக இருந்தது. கற்றளியிலும் பலகை ஓவியத்திலும் அணியாகவும் இருந்தது. சரபோஜியின் காலத்துத் தாள்களில் ஆராயும் பொருளாயிற்று. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிநிலைகள் அல்ல. ஒரே காலத்தில் அருகருகே நிலவியவை. அணியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் நூற்கலை வரலாறு முதல் நிலையைக் காணத் தவறுகிறது. பாடத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் பதிப்பியலும் அதையே தவறவிடுகிறது. ஏடு என்னும் சொல் எதைக் குறித்ததோ அந்தப் பொருள் இன்னும் சுவடி நிலையங்களில் நம் கைக்கு எட்டும் நிலையில் உள்ளது. அதில் எழுதப்பட்டதைப் படித்தது போலவே அதையும் படிப்பது சுவடியியலின் அடுத்த கடமையாகும்.